எத்தனை பேர் என்று சொல்பவரும் எங்கே தங்குவது என்று பார்ப்பவரும்

(கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் ஒரு நூலகக் கூட்ட அறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணை வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு மனு. தெருமுனையில் பழைய கடைத்தொகுதி இருக்கும் காணியில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள், அதை எதிர்த்துக் கையெழுத்து வேண்டும் என்றார். "கார் விட இடமிருக்காது தம்பி. பாடசாலையில் இப்பவே இடமில்லை. ஆர் ஆரெல்லாம் வருவாங்களோ தெரியாது" என்று கவலைப்பட்டார்.

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே இன்னொரு கவலையையும் சொன்னார். அவருடைய தங்கையின் மகளுக்குத் திருமணமாகி ஒரு வருடம். இருவருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அவர்களின் சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை வீடு கிடைக்கவில்லை. தெரிந்த இடம் ஏதும் இருந்தால் சொல்லச் சொன்னார்.

நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பாடசாலையில் இடமில்லை என்பது உண்மை. அந்தப் பிள்ளைக்கு வீடில்லை என்பதும் உண்மை. இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்ட காரணம் ஒன்றுதான்: "கண்டபடி ஆக்களை நாட்டுக்குள்ள விடுறாங்கள்." நம்மவர் கூடும் கலியாண வீடுகளிலும் இப்போது இதைக் கேட்கிறேன். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1991இல். நிலக்கீழ் அறை ஒன்றில் ஏழு பேர் இருந்தோம். இரவு வேலைக்குப் போகிறவர் எழும்பிய படுக்கையில் பகல் வேலை முடித்தவர் படுப்பார். மேலே இருந்த வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையென்று முன்கூட்டி வாங்கிய பணத்தை, நாங்கள் வெளியேறியபோது திருப்பித் தரவில்லை. கேட்கப் பயம், அகதிக் கோரிக்கை முடியாமல் இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்னதும் இதேதான்: இந்த ஆட்கள் வந்து தெருவே கெட்டுவிட்டது என்று. அன்று நாங்கள் கேட்டுத் தலைகுனிந்த வசனத்தை, இன்று நம் வாயால் பஞ்சாபில் இருந்தோ நைஜீரியாவில் இருந்தோ வந்த ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறோம். எனக்கு அது தாங்கமுடியாமல் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசவேண்டும். பேசுகிறவரையெல்லாம் இனவாதி என்று ஒதுக்கினால், அந்த அண்ணை கதவைச் சாத்திக்கொண்டு உண்மையான இனவாதிகளின் காணொளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே வருடத்தில் கனடாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரத்தால் கூடியது. 3.2 சதவீத வளர்ச்சி. 1957க்குப் பிறகு இப்படி ஒரு வேகம் இருந்ததில்லை. ஆனால் அந்த வருடத்துக்கென்று குடிவரவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் வைத்த இலக்கு 4 இலட்சத்து 65 ஆயிரம். இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? இலக்கில் எண்ணப்பட்டவர்கள் நிரந்தர வதிவிட உரிமை பெறுபவர்கள் மட்டும். மாணவர் அனுமதி, வேலை அனுமதி போன்ற தற்காலிக வழிகளில் இருப்பவர்களின் தொகை அந்த வருடம் ஏறக்குறைய எட்டு இலட்சத்தால் கூடியது. அதற்கென்று ஓர் இலக்கே இருக்கவில்லை. நாடாளுமன்றம் சின்ன எண்ணைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது, பெரிய எண்ணை எவரும் மேசையில் வைக்கவே இல்லை. தற்காலிகமாக வருபவர்களுக்கும் இலக்கு வைத்தது 2024 ஒக்ரோபரில் வெளியான திட்டத்தில்தான். அதே திட்டத்தில் 2025க்கான நிரந்தர வதிவாளர் இலக்கை ஐந்து இலட்சத்தில் இருந்து 3 இலட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள்.

மாணவர் விடயத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2019இல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் அரசு கல்லூரிக் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது. கேட்க நல்ல விடயம்தான். ஆனால் குறைந்த வருமானத்தை மாகாணம் ஈடுசெய்யவில்லை. கல்லூரிகள் பல மடங்கு கட்டணம் கட்டக்கூடிய வெளிநாட்டு மாணவரைத் தேடிப் போயின. விசா கொடுத்தது ஒட்டாவா, அதாவது மத்திய அரசு. அந்தப் பிள்ளை ஒரு வருடச் செலவுக்குக் காட்டவேண்டிய பணம் 10,000 டொலர் என்று இருபது வருடமாக மாறாமல் இருந்த ஒரு கணக்கு. 2024 ஜனவரியில்தான் அது 20,635 ஆனது. பத்தாயிரம் டொலரில் ரொறன்ரோவில் ஒரு வருடம் வாழலாம் என்று ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அரசாங்கமே சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படுக்கும்? நான் படுத்த அதே நிலக்கீழ் அறையில்தான். பிறகு அந்த அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்ற முறைப்பாடு யாருக்குப் போகிறது? மாநகர சபைக்கு. கட்டணம் ஒருவர் கையில், விசா இன்னொருவர் கையில், குப்பையும் தீயணைப்பும் பேருந்தும் மூன்றாமவர் தலையில்.

2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. அதற்குப் பிறகு ரொறன்ரோவில் விளம்பரமாகும் வாடகைகள் கொஞ்சம் இறங்கவும் செய்தன. கட்டிமுடிந்த புதிய கொண்டோக்கள் (அடுக்குமாடி வீடுகள்) சந்தைக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் வாடகைக்கும் தொடர்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. தொடர்பு இருக்கிறது. அந்த அண்ணை விடும் பிழை, கணக்கை 2023இல் இருந்து தொடங்குவதுதான்.

வீட்டுக் கணக்கு அதற்கு முப்பது வருடம் முன்னரே பிழைத்துவிட்டது. 1993 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு புதிய சமூக வீடமைப்புக்கான பணத்தை நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோவும் நிறுத்தியது. பிறகு, இருந்த வீடுகளின் பொறுப்பையும் மாநகரங்களிடம் தள்ளிவிட்டது. சொத்து வரியை நம்பி இருக்கும் மாநகரம் எத்தனை வீடு கட்டும்? இன்னொரு பக்கம், நகரத்தின் பெரும்பகுதி நிலத்தில் ஒற்றைக் குடும்ப வீட்டைத் தவிர வேறொன்றும் எளிதில் கட்டமுடியாத விதியைப் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்தது அதே மாநகரம்தான். எந்தக் குடியிருப்புக் காணியிலும் நான்கு குடியிருப்புகள் வரை கட்டலாம் என்று ரொறன்ரோ மாநகர சபை தீர்மானித்தது 2023 மே மாதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டை மாகாணம் நீக்கிவிட்டது. அண்ணையின் தங்கை மகள் ஒரு புதிய கட்டடத்தில் குடியேறினால், அடுத்த வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. இதில் எதையும் நேற்று வந்த மாணவன் செய்யவில்லை.

2023 கோடையில் பீட்டர் தெருவில் நடந்ததைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளில் இருந்து வந்தவர்கள், ரொறன்ரோ நகர மையத்தில் நடைபாதையில் வாரக்கணக்காகப் படுத்தார்கள். மாநகரம் இது ஒட்டாவாவின் பொறுப்பு என்றது. ஒட்டாவா தங்குமிடம் மாநகரத்தின் வேலை என்றது. கதவைத் திறந்தவை கறுப்பினச் சமூகத்தின் தேவாலயங்கள். ஜூலையில்தான் மத்திய அரசு நாடு முழுவதற்குமாக 212 மில்லியன் டொலரும் அதில் ரொறன்ரோவுக்கு 97 மில்லியனும் அறிவித்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போ, யார் தீர்மானிக்கவேண்டும்?

ஊர்க்காரரே தீர்மானிக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பயம் இருக்கிறது. 2007இல் கியூபெக் மாகாணத்தின் ஏரூவில் என்ற சின்ன ஊர் குடிவரவாளர்களுக்கு ஒரு நடத்தைக் கோவை எழுதியது. பெண்களைக் கல்லெறிந்து கொல்லக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஊரில் குடிவரவாளர் என்று சொல்ல அநேகமாக யாருமே இல்லை. ஒரு ஊர் பயத்தில் இருக்கும்போது எடுக்கிற முடிவு அப்படித்தான் இருக்கும். 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் நம்மவர் 492 பேர் அகதிகளாக வந்தபோது அன்றைக்கே வாக்கெடுப்பு வைத்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். அவர்கள் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதற்கு முந்திய வருடம்தான், இந்த மண்ணில் நிற்கும் அகதிக்கும் நேரில் தன் கதையைச் சொல்ல உரிமையுண்டு என்று உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அந்த உரிமை எந்த ஊரின் வாக்குக்கும் போகக்கூடாது. இதில் நான் ஓர் அடியும் பின்வாங்கமாட்டேன்.

ஆனால் தொழிலாளர் எத்தனை, மாணவர் எத்தனை, எந்த ஊருக்கு எந்த வேகத்தில் என்பது வேறு கேள்வி. அரசியலமைப்பின் 95ஆம் பிரிவு 1867இலேயே குடிவரவை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவாகத்தான் வைத்தது. கியூபெக் 1991 உடன்படிக்கையின்படி தன் பொருளாதாரக் குடிவரவாளரைத் தானே தெரிவுசெய்கிறது. 2019இல் தொடங்கிய வடபகுதி, கிராமப்புறத் திட்டத்தில் சட்பரி, தண்டர் பே, டிமின்ஸ் உட்பட 11 ஊர்களுக்கு இடம் கொடுத்தார்கள். வேலை தருபவர் அந்த ஊரில் இருக்கவேண்டியிருந்தது, ஊரின் பொருளாதார மேம்பாட்டு அமைப்பு பரிந்துரைக்கவேண்டியிருந்தது, பிறகுதான் ஒட்டாவா சரிபார்த்தது. தானே பரிந்துரைத்து அழைத்த ஆளை ஊர் அந்நியனாகப் பார்ப்பது கடினம். சின்ன ஊருக்கு இது முடிந்ததென்றால், ரொறன்ரோவும் பக்கத்து நகரான பிரம்டனும் ஒட்டாவாவின் மேசையில் உட்கார்ந்து, இந்த வருடம் இத்தனை வீடு முடியும், இத்தனை வகுப்பறை இருக்கிறது, பணம் இவ்வளவு தாருங்கள் என்று எண்களோடு பேச ஏன் சட்டத்தில் ஓர் இடம் இல்லை? நான் கேட்பது இதைத்தான். இலக்கை அறிவிக்கும் அதே நாளில், எங்கே தங்குவார்கள் என்ற கணக்கையும் அதற்கான பணத்தையும் சேர்த்து அறிவிக்கவேண்டும்.

அப்புறம், ஊர்க்காரர் என்றால் யார்? நிரந்தர வதிவிட உரிமையோடு பல வருடம் வரி கட்டினாலும், குடியுரிமை இல்லாதவர் மாநகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அதை மாற்றும்படி ரொறன்ரோ மாநகர சபை 2013இல் மாகாணத்தைக் கேட்டது. இன்றுவரை நடக்கவில்லை. வாக்குள்ள நாமோ, 2022 தேர்தலில் பத்துப் பேரில் மூன்று பேர்தான் போனோம். கட்டடத் திட்டங்களுக்கு மாநகரம் நடத்தும் பொதுக் கலந்தாய்வுகளுக்குப் போய்ப் பாருங்கள். கையுயர்த்துபவர்கள் அநேகமாக எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரர். அதே தெருவில் நிலக்கீழ் அறைகளில் இருப்பவர்கள் அந்த நேரம் வேலையில் நிற்பார்கள், அல்லது அது தங்களுக்கான கூட்டம் இல்லை என்று நினைப்பார்கள்.

எங்கள் தெருமுனைக் கட்டடத்துக்கான கலந்தாய்வு அடுத்த மாதம் நடக்கிறது. நான் போகிறேன். பாடசாலையில் இடம் எங்கே என்று அண்ணை கேட்கவேண்டிய கேள்வியை நானும் அவரோடு சேர்ந்து கேட்பேன், கட்டடம் வேண்டும் என்றும் சொல்வேன். அவர் அந்த மனுவோடுதான் வருகிறார், அது அவருடைய உரிமை. வரும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணை என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.