ஜாதவுக்காக ஹேக் போன இந்தியா, காலியாவுக்காக ஏன் போகவில்லை?

அடுத்த கேள்வி: "குல்பூஷண் ஜாதவுக்காக சர்வதேச நீதிமன்றம் வரை போன இந்தியா, கேப்டன் சௌரப் காலியாவுக்காக ஏன் போகவில்லை? வருடா வருடம் ஜூலை 26 அன்று கார்கில் வீரர்களுக்கு மாலை போட்டால் மட்டும் போதுமா?" நியாயமான கேள்வி. ஜாதவ், உளவாளி என்று சொல்லி பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த முன்னாள் இந்தியக் கடற்படை அதிகாரி. காலியா கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999 மே மாதம், கார்கில் போர் தொடங்கும் நேரம். ஜாட் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனைச் சேர்ந்த காலியா, காக்சர் பகுதிக்கு ரோந்து போனார். வயது 22. கூடப் போனவர்கள் ஐந்து பேர்: அர்ஜுன் ராம், பன்வர் லால் பகாரியா, பிகா ராம், மூலா ராம், நரேஷ் சிங். இந்த ஐந்து பெயர்களைப் பெரும்பாலும் யாரும் சொல்வதே இல்லை, அதனால்தான் சொல்கிறேன். ஆறு பேரும் உயிரோடு பிடிபட்டார்கள். ஜூன் 9 அன்று உடல்களைத்தான் பாகிஸ்தான் ஒப்படைத்தது. உயிரோடு இருக்கும்போதே சித்திரவதை செய்திருக்கிறார்கள் என்பது இந்தியப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. பாகிஸ்தான் மறுத்தது. 2012இல் இந்தியா வந்த அதன் உள்துறை அமைச்சர் ரஹ்மான் மாலிக், மோசமான வானிலையால் இறந்திருக்கலாம் என்றார். காலியாவைப் பெற்ற தகப்பன் அதை எப்படிக் கேட்டிருப்பார்? அதே ஆண்டில்தான் அவர் நீதி கேட்டு உச்ச நீதிமன்றம் போயிருந்தார்.

சரி, ஹேக் விஷயம். சர்வதேச நீதிமன்றம் இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரில். அந்த நீதிமன்றம் ஒரு வழக்கை எடுக்க இரண்டு நாடுகளின் சம்மதமும் வேண்டும். ஜாதவ் வழக்கில், தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தோடு சேர்ந்த, தகராறு வந்தால் இந்த நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிற நெறிமுறையை இரு நாடுகளும் முன்பே ஏற்றிருந்தன. அந்தச் சம்மதத்தை வைத்துத்தான் 2017இல் இந்தியா உள்ளே போனது. போர்க் கைதிகளைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வழி கிடையாது. அதற்கு மேல், காமன்வெல்த் நாடுகளோடு (பாகிஸ்தானும் அதில் ஒன்று) வரும் தகராறையும் ஆயுத மோதலையும் இந்த நீதிமன்றம் விசாரிப்பதை ஏற்க மாட்டோம் என்று 1974இல் இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது. 1999 ஆகஸ்டில் நாம் பாகிஸ்தான் கடற்படையின் 'அட்லாண்டிக்' ரக விமானத்தைச் சுட்டு வீழ்த்தினோம். அவர்கள் ஹேக் போனபோது இதே காமன்வெல்த் விலக்கைக் காட்டித்தான் 2000இல் நாம் ஜெயித்தோம். அன்று நம்மைக் காப்பாற்றிய விதி, காலியா குடும்பத்துக்குக் குறுக்கே நிற்கிறது. 2015இல் சுஷ்மா ஸ்வராஜ், உச்ச நீதிமன்றம் அனுமதித்தால் போவோம் என்றார். நம் நீதிமன்றம் அனுமதித்தாலும் பாகிஸ்தானின் சம்மதம் எங்கிருந்து வரும்?

ஆனால் ஹேக் இல்லாவிட்டால் வேறு வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 121ஆவது பிரிவு, போர்க் கைதி சந்தேகத்துக்கிடமாகவோ காரணம் தெரியாமலோ இறந்தால், பிடித்து வைத்திருந்த நாடு உடனே விசாரிக்க வேண்டும் என்கிறது. வானிலைதான் காரணம் என்றால் அந்த விசாரணை அறிக்கை எங்கே? இதை இந்தியா ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கேட்கலாம். அப்புறம், நம்மிடமே 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. கைதியைச் சித்திரவதை செய்தவர் எந்த நாட்டில் வைத்துச் செய்திருந்தாலும் இந்திய நீதிமன்றம் விசாரிக்கலாம். ஒரே சிக்கல், 17ஆவது பிரிவுப்படி அரசுத் தரப்பு புகார் கொடுக்க வேண்டும். குடும்பம் நேரடியாகக் கொடுக்க முடியாது.

மாலை போட்டால் போதுமா என்றால், மாலை வேண்டும். திருச்சியில் மேஜர் சரவணனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. கார்கிலில் அதே மே மாதம் படாலிக்கில் சண்டையிட்டு இறந்தவர் அவர். எப்படி இறந்தார் என்று அவர் வீட்டுக்குத் தெரியும். காலியா வீட்டுக்கும் அந்த ஐந்து வீடுகளுக்கும், பிடிபட்ட பிறகு யார் கையில் என்ன நடந்தது என்று அதிகாரபூர்வமாக யாரும் பதில் சொல்லவில்லை. குற்றவாளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், கைது நடக்காமலே போகலாம். அப்படியிருந்தும் அரசு அந்தப் புகாரைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.