வீடு வீடாகப் போக ஆள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் நைஜீரியாவின் லேகோஸ் விமான நிலையத்தில் சரிந்து விழுந்தார். மலேரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடாடெவோ, உயிரைக் குடிக்கும் தொற்றுநோயான எபோலாவோ என்று சந்தேகப்பட்டார். நோயாளியை அனுப்பிவிடச் சொல்லி லைபீரிய அதிகாரிகள் நெருக்கியும் அவர் மசியவில்லை. ஒரு மாதத்துக்குள் அதே நோய்க்கு அவரும் பலியானார். ஏழை நாடுகள் தொற்றுநோயை எப்படித் தடுக்கலாம் என்ற இந்தத் தலைப்பில், அந்த அம்மையாரை நினைக்காமல் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்புறம் நடந்ததைப் பாருங்கள். லேகோஸில் சுமார் 2 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நைஜீரியா பணக்கார நாடு இல்லை. ஆனால் போலியோவை ஒழிக்க ஊர் ஊராக அலைந்து பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு பழகிய 894 பேரைத் தேடிப் பிடித்து, 21 நாள் கண்காணித்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தது மட்டும் சுமார் 18,500 தடவை! மொத்தம் 20 பேருக்கு நோய், 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நாட்டில் எபோலா இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்த 2003-ல் சிங்கப்பூரிலும் இப்படித்தான் தேடினோம், வீட்டில் இருக்கச் சொன்னோம். நம்மிடம் காசு இருந்தது. கொவிட் காலத்தில், தனிமைப்படுத்தப்பட்ட சுயதொழில் செய்பவருக்கு நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கிடைத்தது. அன்றன்று உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்கிற வீட்டில் போய் மூன்று வாரம் வெளியே வராதே என்றால் எப்படி முடியும்? காய்ச்சலை மறைக்கத்தான் செய்வார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அரிசி, பருப்பு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொண்டுபோகிறவரிடம் உண்மையைச் சொல்வார்கள்.

தடுப்பூசி அவசியம்தான். ஆனால் 2021-ல் கொவிட் தடுப்பூசியைப் பணக்கார நாடுகள் வாங்கிக் குவித்த பிறகே ஏழைகளின் முறை வந்தது. சொந்தத் தடுப்பூசித் தொழிற்சாலை எழும்ப ஆண்டுகள் ஆகும். வீடு தேடிப் போகிறவர்களை இப்போதே வேலைக்கு வைக்கலாம்.

இந்தியாவில் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாக லட்சக்கணக்கான பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களை அரசு ஊழியர்களாக நடத்துவதில்லை, ஊக்கத்தொகைதான் கொடுக்கிறார்கள். கொவிட் நேரத்தில், 2021-ல், நாம் சிங்கப்பூரிலிருந்து அங்கே ஆக்சிஜன் சிலிண்டர்கள் அனுப்பினோம், நல்ல காரியம். இனி உதவித் திட்டம் எதுவானாலும், இந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம், கையுறை, முகக்கவசம் ஆகியவற்றுக்கு அதில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.