டிரம்ஸ் இல்லாத ஒரு ராக் ஆல்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

1972இல் மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து ‘ஹோசியானா மந்த்ரா’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. போபோல் வூ என்ற குழுவின் மூன்றாவது ஆல்பம் அது. ஜெர்மன் புராகிரசிவ் ராக் என்ற பிரிவில்தான் இன்றைக்கும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை அதில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிட்டாரும் கிடையாது. பியானோ, ஓபோ, ஹார்ப்சிகார்ட், வயலின், கிட்டார், ஒரு பெண்குரல், அப்புறம் நம்முடைய தம்புரா. இவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஜெர்மன் ராக் என்றதும் இசை ஆர்வலர்கள் சொல்லும் குழுக்கள் சில உண்டு. கொலோனின் கான், டுசல்டார்ஃபின் கிராஃப்ட்வெர்க், பெர்லினின் டேஞ்சரின் ட்ரீம். மூன்றையும் நான் விரும்பிக் கேட்கிறவன்தான். இருந்தாலும் அந்த வரிசையில் ‘ஹோசியானா மந்த்ரா’வைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

போபோல் வூ என்றால் அடிப்படையில் ஒரே மனிதர்தான். ஃப்ளோரியான் ஃப்ரிக்கே. 1944இல் போடன்சே ஏரிக்கரை ஊரான லிண்டாவில் பிறந்தவர். முறையாகப் பியானோ படித்தவர். மாயா மக்களின் புனித நூலிலிருந்து தன் குழுவுக்குப் பெயர் வைத்தார். ஆட்கள் வருவார்கள், போவார்கள். அவர் மட்டும் இருப்பார்.

ஃப்ரிக்கேயிடம் அப்போது ஒரு அபூர்வப் பொருள் இருந்தது. பெரிய மோக் சிந்தசைஸர், அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி. அலமாரி அளவுக்கு இருக்கும். அதில் தயாராக எந்த ஒலியும் இருக்காது. ஒரு பெட்டியில் பிறக்கும் மின் அலையை வயர் போட்டு இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோய், வடிகட்டி, வளைத்து, வாசிப்பவரே ஒலியை உண்டாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். விலையோ சாதாரண இசைக்கலைஞர்கள் நினைத்தும் பார்க்க முடியாதது. ஜெர்மனியில் அதை வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் இரண்டு ஆல்பங்களை ஃப்ரிக்கே அந்த இயந்திரத்தை வைத்துத்தான் செய்தார். 1970இல் ‘அஃபென்ஷ்டுண்டே’, 1971இல் ‘இன் டென் கேர்ட்டன் ஃபரவோஸ்’. மின்னணு இசை வரலாற்றில் இரண்டுக்கும் நல்ல இடம் இருக்கிறது.

ஊரே சிந்தசைஸர் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில்தான் அவர் அதை ஒதுக்கி வைத்தார். டேஞ்சரின் ட்ரீம் 1972இல் வெளியிட்ட ‘ட்சைட்’ என்ற இரட்டை ஆல்பத்தில் விருந்தினராகப் போய் மோக் வாசித்துக் கொடுத்தவர், அதே ஆண்டு தன் சொந்த ஆல்பத்தில் அதைத் தொடவே இல்லை. மனிதக் குரலுக்கு நெருக்கமான ஒலியை அந்த இயந்திரத்தில் தேடிக்கொண்டிருந்தவருக்கு, நிஜமாகவே ஒரு குரல் கிடைத்துவிட்டது.

ஜாங் யுன் என்ற கொரியப் பாடகியின் குரல் அது. கொரிய இசையமைப்பாளர் இசாங் யுன்னின் மகள். இசாங் யுன் மேற்கு பெர்லினில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1967இல் தென்கொரிய உளவுத்துறை அவரைக் கடத்திக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்தது. உலகம் முழுவதும் இசைக்கலைஞர்கள் எழுப்பிய கண்டனத்துக்குப் பிறகு 1969இல்தான் விடுதலையானார். அப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்த வீட்டுப் பெண் பாடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு ‘கீரியே’ என்ற இரண்டாவது உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். “ஆண்டவரே, இரக்கமாயிரும்” என்று பொருள்படும் அந்தப் பழைய கிரேக்க மன்றாட்டைத் தவிர அதில் வேறு சொற்கள் இல்லை. அவர் கத்தவில்லை, அழவில்லை. உச்சஸ்தாயியில் மெல்லிசாக ஒரு இழை, அவ்வளவுதான். அந்த இழை அறுந்துவிடக் கூடாதே என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

கூட வாசித்தவர்களையும் சொல்ல வேண்டும். ஓபோ வாசித்தவர் ராபர்ட் எலிஸ்கு. ஓபோவும் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம்தான். இரண்டு நாணல் தகடுகள் அதிர்ந்து பிறக்கும் அந்த நாதம் இங்கே குரலோடு எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று சொல்வது கஷ்டம். தம்புரா கிளவுஸ் வீசே. சுருதியோடு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே தட்டுப்படும். கச்சேரியில் தம்புரா ராகத்துக்கு ஆதாரம். இங்கே ராகம் கிடையாது. பியானோவின் கோர்ட்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்க, கீழே சுருதி மட்டும் நகராமல் நிற்கிறது. அந்த இழுபறியிலேயே பாட்டு நடக்கிறது. அந்தக் காலத்தில் இந்திய வாத்தியத்தை அலங்காரத்துக்காகச் சேர்த்த மேற்கத்திய இசைத்தட்டுகள் நிறைய உண்டு. இது அந்த வகை அல்ல. தம்புராவை எடுத்துவிட்டால் ‘கீரியே’ நிற்காது.

கிட்டார் கோனி ஃபைட். கீலா என்ற குழுவிலிருந்து வந்தவர். பத்து நிமிடம் ஓடும் தலைப்புப் பாடலில் அவருடைய எலெக்ட்ரிக் கிட்டார்தான் முன்னால் நடக்கிறது. ஆக, மின்சாரத்தை முழுக்கத் துறந்த ஆல்பம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஃபைட்டின் கைக்கு அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு, அது நீண்டு, எதிரொலித்து, தானாகத் தேய்கிறவரை காத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அடுத்தது. வேகமாக வாசிப்பதே திறமை என்று பேர் வாங்கிய காலத்தில், ராக் கிட்டாரை இத்தனை பணிவோடு வாசித்தவர்கள் மிகக் குறைவு.

தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு ‘மோசேயின் ஐந்தாம் புத்தகம்’ என்று தலைப்பு. தமிழ் வேதாகமத்தில் உபாகமம். ஜெர்மானியர்களுக்குப் பழக்கமான பைபிள், லூத்தரின் மொழிபெயர்ப்பு. ஃப்ரிக்கே எடுத்துக்கொண்டது மார்ட்டின் பூபருடையது. யூதச் சிந்தனையாளரான பூபர், ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்குடன் சேர்ந்து 1920களில் எபிரேய வேதத்தை ஜெர்மனில் பெயர்க்கத் தொடங்கினார். ரோசன்ஸ்வைக் 1929இல் இறந்துபோனார். நாஜிகளின் ஆட்சியில் பூபர் 1938இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1961இல் எருசலேமில் அந்த வேலையை முடித்தபோது, அதை ஜெர்மனில் படித்திருக்க வேண்டிய யூதர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. பதினோரு வருடம் கழித்து, ஹிட்லரின் கட்சி பிறந்த அதே மியூனிக் நகரத்தில் ஒரு இளைஞர் அந்த வரிகளைப் பாட வைக்கிறார். இது எவ்வளவு பெரிய காரியம்! ‘நிஷ்ட் ஹோக் இம் ஹிம்மெல்’ என்ற பாட்டின் தலைப்பு உபாகமம் முப்பதாம் அதிகாரத்தை நினைவூட்டுவது. கட்டளை உயர வானத்தில் இல்லை, கடலுக்கு அப்பாலும் இல்லை, உன் வாயிலும் உன் இருதயத்திலும் இருக்கிறது என்று சொல்லும் பகுதி.

இத்தனை இருந்தும் ஏன் பேசப்படவில்லை? ராக் ரசிகருக்கு இதில் தாளம் போதவில்லை. மின்னணு இசைக்காரருக்கு, மோக்கைக் கைவிட்டவர் என்ற வருத்தம். தேவாலயத்துக்கோ, பெயரிலேயே மந்திரம் இருக்கிறது. போதாக்குறைக்கு, 1972 கடைசியில் ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் ‘அகீரே’ படம் வந்தது. அதற்கு இசை போபோல் வூ. மலைச்சரிவில் படைவீரர்கள் இறங்கிவரும் தொடக்கக் காட்சியில் கூட்டுக்குரல் போல ஒலிக்கும் அந்த இசை உலகம் சுற்றியது. அன்றிலிருந்து போபோல் வூ என்றால் ஹெர்சாக் படங்களின் இசை என்றே ஆகிவிட்டது. அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்தக் காட்சியின் துணையும் இல்லாமல் தானாக நிற்கிற இசை இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது.

ஃப்ரிக்கே அந்த மோக்கைப் பிறகு கிளவுஸ் ஷுல்ட்சே என்ற இசைக்கலைஞருக்கு விற்றுவிட்டார். ஷுல்ட்சே அதை வைத்து ஆல்பம் ஆல்பமாகச் செய்து பெரும் புகழ் பெற்றார். ஃப்ரிக்கே 2001 டிசம்பரில் மியூனிக்கில் காலமானார்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. முழுதும் ஓடினாலும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வரிசைப்படி முதலில் வருவது ‘ஆ!’ என்ற உருப்படி. அதை விட்டுவிட்டு ‘கீரியே’யில் தொடங்குங்கள். பிடித்திருந்தால் தலைப்புப் பாடலுக்குப் போங்கள். இரண்டாம் பக்கத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், பூபரின் வரிகளுக்குத் தனியாக நேரம் கொடுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.