கடவுச்சொல்லைக் கடைசியில் மாற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அலுவலக இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில்.

அண்மையில் ஒரு தோட்ட அலுவலகத்திற்குப் போயிருந்தேன். அங்குள்ள நகல் இயந்திரம் கணினிகளோடு இணைக்கப்பட்டது. ஆட்களின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமநிதி, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பாரங்கள் எல்லாம் அதில்தான் நகலெடுக்கப்படுகின்றன.

"கடவுச்சொல் போட்டிருக்கிறோமே தம்பி" என்றார் அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி. அவர் அனுமதியோடு, கணினியிலிருந்து வெளியே போகும் தகவலைக் காட்டும் மென்பொருளை அவர் கணினியிலேயே ஓட விட்டு, இயந்திரத்தின் நிர்வாகப் பக்கத்தில் நுழையச் சொன்னேன். அவர் தட்டிய சொல் எழுத்துப் பிசகாமல் திரையில் வந்து நின்றது. அது அவருடைய பேத்தியின் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தோட்டத்து ஆட்களின் விவரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அதையே வங்கி அட்டைக்கும் ரகசிய எண்ணாக வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. பால்மரம் வெட்டிய என் அம்மா, தன் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். அந்த அக்கறை அலுவலகத்துக்கும் வேண்டும்.

கிராணி உடனே கடவுச்சொல்லை மாற்றப் போனார். தடுத்தேன். குறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி தகவலை உருமாற்றுவது, இல்லாத நிலையில் மாற்றினால் புதிய சொல்லும் அப்படியே கம்பி வழியே போகும். முதலில் இயந்திரத்திலேயே அதை அடையாளம் காட்டும் ஒரு மின் சான்றிதழை உருவாக்கி, குறியாக்கத்தோடு தகவல் போய்வரும் 443ஆம் வாசலைத் திறந்து, குறியாக்கம் இல்லாத 80ஆம் வாசலை மூடினோம். இயந்திரம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் என்பதால் உலாவி எச்சரிக்கும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். வங்கிப் பக்கத்தில் அதே எச்சரிக்கை வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் வசதிக்குள்ளும் ஒரு கடவுச்சொல் இருக்கிறது. பலர் மறப்பது இதைத்தான். அதற்கு மின்னஞ்சல் அனுப்பும் 587ஆம் வாசலைக் கொடுத்து, குறியாக்கம் 'கட்டாயம்' என்று வையுங்கள். 'முடிந்தால்' என்ற தெரிவு போதாது.

இயந்திரத்துக்குள் இருக்கும் சேமிப்பு வட்டையும் குறியாக்கம் செய்தோம். அதன் சாவி ஒரு தாளில் அச்சாகி வந்தது. இயந்திரத்தின் தாய்ப்பலகையை, அதாவது முதன்மை மின்சுற்றுப் பலகையை, மாற்ற நேர்ந்தால் அது தேவைப்படும் என்றேன். கிராணி அதை மடித்துப் பணப்பெட்டிக்குள் வைத்தார்.

பிறகுதான் புதிய கடவுச்சொல். தட்டுவதற்கு முன் என்னை வாசல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். மனம் நிறைந்து திரும்பி நின்றேன்.