முருங்கைத் தூளும் பதினெட்டாயிரம் சாட்டும்

வணக்கம். பர்மாவின் பெகு ஊரில் எங்கள் வீட்டின் பின்கட்டில், முயல் கூண்டுகளுக்கு அருகில் நின்று பேசுகிறேன். கறுப்பியின் குட்டிகளைக் காட்டுவதற்கு முன் என் எரிச்சலைக் கொட்டிவிட வேண்டும். சென்ற காணொளியில் முயல் தீனிக்கென்று நான் பெருமையாகத் தூக்கிக் காட்டிய முருங்கையிலைத் தூள் பொட்டலத்துக்கு 18,000 சாட் (பர்மா நாணயம்) கொடுத்தேன். நேற்றுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பழுப்பேறிய காம்புத் தூள். பழைய வைக்கோல் நாற்றம் வேறு. பதினெட்டாயிரம்! வேலியோரம் முருங்கை மரத்தை வைத்துக்கொண்டு சந்தைக்கு ஓடிய என்னைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

முயலுக்கு வியர்த்து உடல் ஆறாது. காதுகள் வழியாகவும் வேகமாக மூச்சு வாங்கியுமே சூட்டை வெளியேற்றும். வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் தீனி எடுப்பது குறைந்துவிடும். 2024 ஏப்ரல் 28 அன்று நடு பர்மாவின் சௌக் நகரில் 48.2 பாகை பதிவானது உங்களுக்கு நினைவிருக்கும். பெகுவில் அவ்வளவு இல்லை என்றாலும் மின்சாரம் போனால் விசிறியும் இல்லை, கூண்டில் வைக்கப் பனிக்கட்டியும் இல்லை. ஆகவே முயல் கொறிக்கிற கொஞ்சத் தீனியிலாவது சத்து இருக்கட்டும் என்றுதான் முருங்கையைச் சேர்க்கிறேன்: காய்ந்த இலையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம்.

இந்த முறை நானே இலையை உருவி, நிழலில் துணி விரித்து நான்கு நாள் உலர்த்தினேன். விரலால் நசுக்கினால் நொறுங்குகிறது, பச்சை மாறவில்லை. பத்து வீசை இலை இரண்டு வீசையாகச் சுருங்கியதைப் பார்த்து அம்மா சிரித்தார். எனக்கோ திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) பரிசே கிடைத்தது போல இருந்தது.

அளவைச் சொல்ல மறந்துவிட்டேன்: தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனம் இருபது பங்குக்குத் தூள் ஒரு பங்கு, அதையும் வெயில் தாழ்ந்த பிறகே வைக்கிறேன். சுபாபுல் (சவுண்டல்) இலை போடலாமா என்று கேட்டவர்களுக்கு: அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப் பொருள் முயலின் மயிரை உதிர்த்துவிடும், எனக்கு அது அறவே பிடிக்காது. நிழலும் தண்ணீரும் இல்லாத கூண்டில் எந்த இலையும் உதவாது. ஆண் முயல் இப்போது இணை சேர்ந்தும் சினை நிற்கவில்லை என்றால் பதறாதீர்கள். சூட்டில் கெட்ட விந்து தேற ஏழெட்டு வாரம் ஆகும்.

பழுப்புத் தூளை எருக்குழியில் கொட்டிவிட்டேன். வெறும் பையை மட்டும் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்காரர் முன்னால் விரிக்க வேண்டும்.