கண்ணாடி வெளுத்ததும் ஜன்னல் தட்டையானதும்: மாதிரி ரயில் கட்டடம் பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் அட்டையில் ஒரு ரயில் நிலையக் கட்டடம் செய்திருக்கிறார், எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவில். ஜன்னலுக்குக் கண்ணாடியாக அசிடேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டி சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினாராம். மறுநாள் பார்த்தால் கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூக்காத ஜன்னல்களும் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தட்டையாகத் தெரிகின்றனவாம். எங்கே தவறு என்று கேட்கிறார்.

வெளுப்பை முதலில் முடித்துவிடுவோம். சூப்பர் க்ளூ காயும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும். அது பக்கத்தில் இருக்கிற வழவழப்பான பரப்பில் படிந்து அங்கேயே இறுகிவிடும். நீங்கள் பார்ப்பது அந்தப் படிவுதான். மூடின கட்டடத்துக்குள் காற்றோட்டம் இல்லாததால் இன்னும் அதிகமாகப் படியும். அதனால் கண்ணாடி இருக்கிற இடத்தில் சூப்பர் க்ளூவே வேண்டாம். காய்ந்ததும் தெளிவாகிவிடும் பிவிஏ வெள்ளைப் பசை போதும். ஜன்னல் கண்ணாடிக்கு எடையா இருக்கிறது? பல்குச்சி நுனியில் தொட்டு, ஓரத்தில் நாலு புள்ளி வைத்தால் நிற்கும். வெளுத்ததன் மேல் அசிட்டோன் மட்டும் தடவிவிடாதீர்கள், தாளே கரைந்துவிடும். லேசாகத்தான் பூத்திருக்கிறது என்றால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள், பெருமளவு மறையும். இல்லையென்றால் பெயர்த்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இப்போது தட்டையாகத் தெரிவது. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பலரும் குறுக்குச் சட்டங்களை எவ்வளவு மெல்லியதாகச் செய்யலாம் என்று மெனக்கெடுகிறார்கள். ஆனால் ஜன்னலுக்கு உயிர் கொடுப்பது அது சுவரில் எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். செங்கல் கட்டடங்கள் பலவற்றில் ஜன்னல் நிலை வெளிமுகத்திலிருந்து அரைச் செங்கல் அளவு, சுமார் 11 செ.மீ., உள்ளே இருக்கும். எச்.ஓ. என்றால் 87-ல் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.3 மி.மீ. வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் சுவர் அரை மில்லிமீட்டர் அட்டை. பின்பக்கம் ஒட்டினாலும் கண்ணாடி வெளிமுகத்தோடு கிட்டத்தட்ட ஒட்டித்தானே நிற்கும்? நிழல் விழவே இடமில்லை. சுவருக்குப் பின்னால், அதே அளவு திறப்பு வெட்டிய இன்னொரு அட்டையை ஒட்டிக் கனத்தைக் கூட்டுங்கள். நிலையும் கண்ணாடியும் அதற்குப் பின்னால் வரட்டும். இதைவிடச் சிறிய ‘N’ அளவில் செய்கிறவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. அந்த அளவில், அதாவது 160-ல் ஒரு பங்கில், 2 மி.மீ. சுவர் என்பது நிஜத்தில் 32 செ.மீ.! கோட்டைச் சுவர் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு 0.7 மி.மீ. போதும்.

குறுக்குச் சட்டத்துக்கு நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஒட்டும் லேபிள் தாளை முதலில் சட்டத்தின் நிறத்தில் பூசிக் காயவிடுகிறேன். அப்புறம் ஒரு நிஜக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, புது பிளேடும் இரும்பு ஸ்கேலும் கொண்டு 0.3 மி.மீ. கீற்றாக வெட்டுகிறேன். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் தாளின் ஓரம் நார்நாராகக் கிளம்பும், அதனால் பிளேடை அடிக்கடி மாற்றுவேன். கீற்றை ட்வீசரால் எடுத்து, ஜன்னலைவிட நீளமாகவே அசிடேட்டின் மேல் கிடத்தி, கோணலாக இருந்தால் தூக்கி மறுபடி வைத்து, சரியானதும் ட்வீசரின் முதுகால் அழுத்துகிறேன். மிஞ்சின நுனிகள் நிலைக்கு அடியில் மறைந்துவிடும். அசிடேட்டின் பாதுகாப்பு உறையைக் கடைசி நிமிடத்தில்தான் உரிப்பேன், விரல் ரேகை படியக் கூடாது.

வேலை வரிசையும் முக்கியம். சுவருக்கு வண்ணம், பழசாகக் காட்டும் அழுக்கு வேலை, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகே கண்ணாடி. நான் ஒருமுறை எல்லா ஜன்னலையும் பொருத்திவிட்டு மேட் வார்னிஷ் அடித்தேன். அத்தனையும் பனி மூடினதுபோல ஆகி, ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். கழிப்பறை ஜன்னலுக்கு மட்டும் அந்த விளைவு வேண்டும், அதை வேண்டுமென்றே தனியாகச் செய்யலாம்.

உள்ளே நடுவில் ஒரு கறுப்பு அட்டைத் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் முன் ஜன்னல் வழியே பின் ஜன்னல் தெரிந்து, கட்டடம் வெறும் பெட்டி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் சுவரின் உட்புறத்துக்கும் கறுப்புப் பூசுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் அட்டை வழியே கசியும்.

மீதி ஜன்னல்களை ஒட்டும் முன் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். அறை விளக்கை அணைத்து, ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் பிடித்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்குங்கள். திறப்பின் மேல் விளிம்புக்குக் கீழே கண்ணாடியில் மெல்லிய நிழல் கோடு விழுந்தால் ஆழம் சரி. விழவில்லையென்றால் இன்னொரு அட்டை சேருங்கள்.