அச்சிட்ட ஆன்டெனாவும் 1.6 மில்லிமீட்டர் இடைவெளியும்

நேயர்களுக்கு வணக்கம். கம்பியில்லாக் கருவி எதையாவது திறந்தால், மின்சுற்றுப் பலகையில் வளைந்த கோடாகவோ சதுரமாகவோ ஒரு செம்புப் படலம் பெரும்பாலும் கண்ணில் படும். அதுதான் அச்சிட்ட ஆன்டெனா.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை காற்றில் 12.5 சென்டிமீட்டர் நீளம். கண்ணாடியிழைப் பலகைக்குள் அது சுருங்கிவிடும். அதனால் 3 சென்டிமீட்டர் செம்புச் சதுரமே போதும். ஆனால் அந்தச் சதுரத்துக்கும் அடியில் இருக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே வெறும் 1.6 மில்லிமீட்டர்தான். அந்த இடுக்கில் அடைபட்ட ஆற்றல் லேசில் வெளியேறாது. வெண்கல மணியைத் தட்டினால் ஒரே சுரத்தில் நெடுநேரம் ஒலிப்பதுபோல, இதுவும் ஓர் அதிர்வெண்ணையே பிடித்துக்கொள்ளும். வைஃபைக்கு 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதாவது அத்தனை அகன்ற அதிர்வெண் பட்டை, வேண்டும். சாதாரணச் சதுரம் 50, 60 தாண்டவே திணறும்.

சரி, இடைவெளியைக் கூட்டினால்? அகலம் கூடும். ஆனால் மின்சாரம் ஏறும் ஊசியும் நீண்டு, அதன் தூண்டல், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம், குறுக்கே நிற்கும். 1995-இல் ஹுயின், லீ என்ற இரு ஆய்வாளர்கள் செம்பிலேயே ‘யு’ வடிவத்தில் ஒரு பிளவை வெட்டினார்கள். அந்தப் பிளவு ஊசியின் தூண்டலை ஈடுகட்டியது; கூடவே இரண்டாவது ஒத்ததிர்வையும் கொண்டுவந்தது. திரும்பி வரும் சக்தியைக் கோடாக வரைந்து காட்டும் அளவுமானியின் திரையில் ஒவ்வொரு ஒத்ததிர்வும் ஒரு பள்ளமாகத் தெரியும்; இந்த இரண்டு பள்ளங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அகன்ற பள்ளமாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. இந்த முறையில் மைய அதிர்வெண்ணில் 30 சதவீதத்துக்கும் மேல் அகலம் கிடைக்கிறது. ஆனால் ஆன்டெனா தடித்துவிடும்.

சின்னதாகவும் இருக்கவேண்டும், அகலமும் வேண்டும், சக்தியும் வீணாகக்கூடாது என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைதான். அளவு குறையக் குறைய அகலத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு என்று 1948-லேயே சூ என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

மாணவர்கள் பலர் ஏமாறுவது இந்த அகலத்தைத் திரையில் அளக்கும்போதுதான். திரையில் மைனஸ் 10 டெசிபெல் என்றால், அனுப்பிய சக்தியில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். மீதி ஒன்பது பங்கும் காற்றில்தான் போனது என்று அது சொல்லவில்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் மின்தடையை மாட்டிப் பாருங்கள், அகலம் அபாரமாக இருக்கும். ஆனால் ஓர் அலையும் வெளியே போகாது, சக்தி சூடாகிவிடும். மலிவான பலகையும் கொஞ்சம் அந்த வேலையைத்தான் செய்கிறது.

சக்தி காற்றில் போகிறதா, சூடாகிறதா என்று கண்டுபிடிக்க வீலர் என்ற பொறியாளர் 1959-இல் சொன்ன எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆன்டெனா மேல் ஒரு உலோக டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பு தரைத்தகட்டில் நன்றாகப் பதியும்படி வையுங்கள். இப்போது அலை வெளியேற வழியில்லை, திரையில் கோடு வெகுவாக மாறவேண்டும். மாறாமல் ஏறக்குறைய அப்படியே நின்றால், அந்தச் சக்தி முன்பும் வெளியே போகவில்லை, பலகைக்குள் சூடாகத்தான் தொலைந்துகொண்டிருந்தது.